எஸ்12000 கொடுத்தால் ஸ்பிண்டில் 15000-ல் ஓடுகிறது, வேகத்தைச் சீராக வர வைப்பது எப்படி?

தச்சுப்பட்டறை:
வணக்கம். கோவையில் சின்னப் பட்டறை, கதவு கார்விங்கும் அக்ரிலிக் எழுத்தும் வெட்டுகிறோம். சிஎன்சி ரவுட்டரில் இருப்பது 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில் (பிட்டைச் சுழற்றும் மோட்டார்), அதன் வேகத்தை மாற்றும் ஹுவான்யாங் விஎஃப்டி, 400 ஹெர்ட்ஸில் 24000 ஆர்பிஎம். கன்ட்ரோலர் ஆர்டுயினோ ஊனோ, அதில் மெஷினை ஓட்டும் மென்பொருள் ஜிஆர்பிஎல் 1.1. 11-ம் பின்னில் வரும் பிடபிள்யூஎம்மை (ஆன்-ஆஃப் துடிப்பு சிக்னல்) ஒரு மாட்யூல் 0-10 வோல்ட்டாக மாற்றி விஎஃப்டிக்குக் கொடுக்கிறது. ஜிஆர்பிஎல்லில் உச்ச வேகம் $30=24000, குறைந்த வேகம் $31=0.

புரோகிராமில் வேகம் கேட்கும் எஸ் மதிப்பாக எஸ்24000 போட்டால் சரியாக 24000. எஸ்12000 போட்டால் 15000 கிட்ட, எஸ்6000 போட்டால் 9000 கிட்ட. மாட்யூலில் உள்ள திருகைக் குறைத்தால் நடுவில் சரியாகிறது, ஆனால் மேலே 24000-ஐத் தொடுவதில்லை. அக்ரிலிக் உருகிப் பிட்டில் ஒட்டுகிறது. எஸ் மதிப்பைக் குத்துமதிப்பாகக் குறைத்துப் போட்டு ஓட்டலாம்தான், ஆனால் அப்படிச் செய்தால் ஒவ்வொரு புரோகிராமிலும் ஒரு பொய் எண் உட்கார்ந்திருக்கும், நாளைக்கு வேறு மெஷினில் அதே ஃபைலை ஓட்டவும் முடியாது.

மோட்டார்காரர்:
முதலில் விஎஃப்டியைப் பாருங்கள். அதன் செட்டிங் எண்களில் உச்ச ஹெர்ட்ஸான பிடி005, 10 வோல்ட்டுக்கான ஹெர்ட்ஸான பிடி072 இரண்டும் 400, சைபர் வோல்ட்டுக்கான ஹெர்ட்ஸான பிடி073 சைபர், 0-10 வோல்ட் நுழைவைத் தேர்வு செய்யும் பிடி070 சைபர் இருக்கிறதா? அனலாக் ஜம்பர் 10 வோல்ட் பக்கம் இருக்க வேண்டும். இன்னொன்று, டிஸ்ப்ளேயில் வரும் ஆர்பிஎம் அளந்து காட்டுவது இல்லை, பிடி144-ல் போட்ட எண்ணை வைத்து ஹெர்ட்ஸிலிருந்து கணக்கிட்டது. 3000 என்று போட்டிருந்தால்தான் 400 ஹெர்ட்ஸுக்கு 24000 காட்டும்.

அலைமானி:
செட்டிங்கை மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள் அண்ணா. 11-ம் பின், மாட்யூல் அவுட்புட், விஎஃப்டி ஹெர்ட்ஸ், இந்த மூன்றையும் மூன்று நான்கு வேகங்களில் எழுதிப் போடுங்கள். கோணல் எந்த இடத்தில் நுழைகிறது என்று அதிலேயே தெரிந்துவிடும். பிடபிள்யூஎம் அலைவரிசை எவ்வளவு என்பதும் வேண்டும்.

தச்சுப்பட்டறை:
பிடி எண்கள் எல்லாம் நீங்கள் சொன்னபடியே இருக்கின்றன. மல்டிமீட்டரில் பார்த்தது:
எஸ்6000: பின்னில் 1.25 வோல்ட், மாட்யூலில் 3.7, விஎஃப்டி 148 ஹெர்ட்ஸ்
எஸ்12000: 2.5, 6.2, 248
எஸ்18000: 3.75, 8.7, 348
எஸ்21500-க்கு மேல் எது போட்டாலும் 10 வோல்ட், 400 ஹெர்ட்ஸ்.
மெஷின் செய்து கொடுத்தவர் அலைவரிசையை 7.8 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றி வைத்திருக்கிறார். வேகமான அலை என்றால் வோல்டேஜ் அலையாமல் இருக்கும் என்றார்.

அலைமானி:
அப்படியென்றால் விஷயம் அதுதான். ஊனோ சரி, விஎஃப்டியும் சரி, மாட்யூலில் மட்டும் எல்லா வேகத்திலும் ஒரே அளவாக 1.2 வோல்ட் கூடுகிறது. அந்த மாட்யூல்களின் நுழைவில் பெரும்பாலும் பிசி817 மாதிரி மெதுவான ஆப்டோ கப்ளர் (சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் சிப்) இருக்கும். அது சட்டென்று ஆன் ஆகும், ஆஃப் ஆக மட்டும் சில மைக்ரோ செகண்ட் இழுக்கும், அதனால் ஒவ்வொரு துடிப்பும் கொஞ்சம் நீண்டுவிடும். 7.8 கிலோஹெர்ட்ஸில் ஒரு சுற்று 128 மைக்ரோ செகண்ட். உங்கள் எண்களில் 12 சதவீதம் கூடுகிறது என்றால் இழுவை சுமார் 15 மைக்ரோ செகண்ட். மேலே போகப் போக ஆஃப் நேரமே அந்த 15-க்குள் அடங்கிவிடுகிறது, அதனால்தான் 21500-க்கு மேல் எல்லாம் முழு வேகம். திருகு ஒட்டுமொத்தச் சரிவைத்தான் மாற்றும், இந்தக் கூடுதலை அதனால் கழிக்க முடியாது.

ஜிஆர்பிஎல்லின் சிபியு_மேப் ஃபைலில் ப்ரீஸ்கேலரை (கடிகார வேகத்தை வகுக்கும் எண்) 1/64 ஆக்கினால் 0.98 கிலோஹெர்ட்ஸ் வரும், 1.1-ல் அதுதான் இயல்பாக வருவது. சுற்று 1024 மைக்ரோ செகண்ட் ஆகிவிடுவதால் அதே 15 வெறும் ஒன்றரை சதவீதம். வேகம் ஊசலாடினால் அனலாக் சிக்னலைச் சீராக்கும் பிடி071-ஐக் கொஞ்சம் கூட்டுங்கள், அதற்காக அலைவரிசையைத் தொட வேண்டாம்.

தச்சுப்பட்டறை:
மாற்றி ஏற்றிவிட்டேன். எஸ்6000-க்கு 106 ஹெர்ட்ஸ், எஸ்12000-க்கு 206. இதுவே போதும், ரொம்ப நன்றிங்க! நிமிடத்துக்கு 3000 மில்லிமீட்டர் ஃபீடில் இரண்டு பல் பிட்டுக்கு 12000-ல் பல்லுக்கு 0.125 மில்லிமீட்டர் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன், 15000-ல் ஓடியதால் அது 0.1 ஆகி, வெட்டாமல் தேய்த்துக்கொண்டிருந்தது. குறைந்த வேகம் 7200-க்குக் கீழே போகாமல் இருக்க $31=7200 போடலாமா?

சுழலி:
அதை மட்டும் தனியாகப் போடாதீர்கள். ஜிஆர்பிஎல் $31-ஐ வெறும் தடுப்பாக எடுத்துக்கொள்ளாது, பிடபிள்யூஎம்மின் கீழ்முனை 7200 என்று வைத்துக்கொண்டு கோட்டையே புதிதாகப் போடும். அப்புறம் எஸ்7200-க்கு ஏறக்குறைய சைபர் வோல்ட்தான் போகும். விஎஃப்டியிலும் பிடி073=120 என்று வைத்தால் இரண்டு பக்கமும் பொருந்தும், பிடபிள்யூஎம்மின் ஒரு படி 94 ஆர்பிஎம்மிலிருந்து 66-ஆகக் குறைவது கூடுதல் லாபம். ஆனால் அப்போது சைபர் வோல்ட்டிலும் விஎஃப்டி 120 ஹெர்ட்ஸ் கேட்கும், ஆகவே நிறுத்தும் கட்டளையான எம்5 கொடுத்தால் ஸ்பிண்டில் நிற்க, விஎஃப்டியை ஓடச் சொல்லும் ரன் டெர்மினலுக்குத் தனி ரிலே கட்டாயம். கான்ஃபிக் ஃபைலில் டைரக்‌ஷன் பின்னை எனேபிளாக (ஆன்-ஆஃப் சிக்னலாக) மாற்றும் வசதி இருக்கிறது, 13-ம் பின்னில் ரிலேயைக் கட்டி, பிட் இல்லாமல் முதலில் சோதித்துப் பாருங்கள்.