க்ளையன்ட் ஹார்ட் போட்ட படங்கள் என் பக்கம் வரவில்லை, உதவி தேவை

ஒளிக்கீற்று

வணக்கம். ஒரு கல்யாண ஷூட்டின் 1,140 படங்களை ஆன்லைன் ப்ரூஃபிங் கேலரியில் (க்ளையன்ட் படம் தேர்ந்தெடுக்கும் தளம்) ஏற்றி, பிடித்த படங்களுக்கு ஹார்ட் குறி போட்டு ஆல்பத்துக்குத் தேர்வு செய்யச் சொல்லி லிங்க் கொடுத்திருந்தேன். மணப்பெண் "நூத்தம்பதுக்கு மேல ஹார்ட் போட்டாச்சு, டிசைன் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்கிறார். என் டாஷ்போர்டில் 37தான் இருக்கிறது. லேப்டாப்பில் திறந்து பார்க்கச் சொன்னேன், அங்கேயும் அதே 37. "நீங்கதான் எதையோ அழிச்சிட்டீங்க" என்கிற அளவுக்குப் பேச்சு வந்துவிட்டது. மறுபடியும் முதலிலிருந்து பாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீட்க வழி இருக்கிறதா?

ரா_மட்டும்

இதுக்குத்தான் நான் கேலரி பக்கமே போறதில்லை ப்ரோ. ட்ரைவ்ல ஃபோல்டர் போட்டுட்டு, பிடிச்ச படத்தோட நம்பரை எழுதி அனுப்பச் சொல்லிடுவேன். வேலை முடிஞ்சது.

பழைய_லென்ஸ்

@ரா_மட்டும் 0618-ஐ 0681 என்று எழுதி அனுப்பும் க்ளையன்ட் உங்களுக்கு இன்னும் வாய்க்கவில்லை போல. ஆல்பம் அச்சாகி வந்த பிறகுதான் அது தெரியும்.

@ஒளிக்கீற்று மூன்று விஷயம் சொல்லுங்கள். லிங்க் எந்த ஆப் வழியாகப் போனது? ஹார்ட் போடும் முன்பே கேலரி இமெயில் கேட்கிறதா, கடைசியில் "அனுப்பு" அழுத்தும்போதுதான் கேட்கிறதா? நடுவில் ஏதாவது படத்தை நீக்கிவிட்டு, கலர் திருத்தி மறுபடி ஏற்றினீர்களா? நீக்கி ஏற்றினால் பல கேலரிகள் அதைப் புதுப் படமாகவே எடுத்துக்கொள்ளும். பெயர் அதேதான் என்றாலும் பழைய ஹார்ட் போய்விடும். "மாற்று" என்ற வசதி இருந்தால் அதைத்தான் பயன்படுத்த வேண்டும்.

ஒளிக்கீற்று

நீக்கவும் இல்லை, மறுபடி ஏற்றவும் இல்லை அண்ணா. லிங்க் இன்ஸ்டாகிராம் மெசேஜில் போனது, அவர் அங்கேதான் எப்போதும் பேசுவார். இமெயில் கடைசியில் அனுப்பும்போதுதான் கேட்கும். முதலிலேயே கேட்டால் பாதிப் பேர் உள்ளே வராமலே போய்விடுவார்கள் என்று அப்படி வைத்திருக்கிறேன்.

பழைய_லென்ஸ்

அப்படியானால் படங்கள் பெரும்பாலும் பத்திரமாகத்தான் இருக்கும். இன்ஸ்டாகிராமில் லிங்க்கைத் தொட்டால் அது க்ரோமுக்கோ சஃபாரிக்கோ போகாது, ஆப்புக்குள்ளேயே இருக்கும் குட்டி ப்ரௌசரில் திறக்கும். அதன் குக்கீ (ஆளை அடையாளம் காணத் தளம் ப்ரௌசரில் வைக்கும் சிறு குறிப்பு), சேமிப்பு எல்லாம் தனி. இமெயில் கொடுக்காத வரை கேலரிக்கு அவர் யாரென்றே தெரியாது. போட்ட ஹார்ட் எல்லாம் அந்தக் குட்டி ப்ரௌசரின் கணக்கில் கிடக்கிறது. பிறகு லேப்டாப்பில் திறந்தபோது கேலரி அவரைப் புது ஆளாக எடுத்துக்கொண்டிருக்கும். அங்கே 37 போட்டு இமெயில் கொடுத்து அனுப்பியிருப்பார், உங்களுக்கு வந்தது அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது: அதே போனில், அதே இன்ஸ்டாகிராமில், பழைய மெசேஜில் இருக்கும் அதே லிங்க்கைத் தொடச் சொல்லுங்கள். ஹார்ட் தெரிந்தால் வேறு எதுவும் செய்யாமல் உடனே இமெயில் கொடுத்து அனுப்பட்டும். அதுவரை ஆப்பை நீக்குவது, கேஷ் அழிப்பது, போன் மாற்றுவது எதுவும் கூடாது.

மேகமூட்டம்

வாட்ஸ்அப்பிலும் இதே கதைதானே?

பழைய_லென்ஸ்

இல்லை, வாட்ஸ்அப் சாதாரணமாக லிங்க்கைப் போனின் வழக்கமான ப்ரௌசரிடம் கொடுத்துவிடும். இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் மாதிரி ஆப்கள்தான் தாமாக வெளியே விடாது.

இருட்டறை

ஐபோன் க்ளையன்ட் என்றால் இன்னொன்றும் உண்டு. சஃபாரி 13.1-லிருந்து, அதாவது 2020 மார்ச்சிலிருந்து, ஒரு தளத்தின் ஸ்கிரிப்ட் (தளத்தை இயக்கும் நிரல்) ப்ரௌசரில் எழுதி வைத்ததை சஃபாரியே அழித்துவிடும். அந்தத் தளத்தைத் தொடாமல் சஃபாரியை 7 நாள் பயன்படுத்தினால் போதும். "பாதி முடிச்சிட்டேன், மீதியை ரெண்டு வாரம் கழிச்சுப் பாக்கறேன்" என்று மூடி வைக்கிறார்கள் பாருங்கள், அவர்களுக்குத்தான் இது நடக்கும். இன்காக்னிட்டோவில் திறந்தவர்களுக்கு மூடிய உடனேயே போய்விடும். ரெண்டுக்கும் மருந்து ஒன்றுதான், முதல் ஹார்ட்டுக்கு முன்பே இமெயில் கேட்பது. ஆல்பம் வேண்டும் என்பவர் ஒரு இமெயில் கொடுக்காமல் திரும்பிப் போவார் என்று நான் நம்பவில்லை.

ஒளிக்கீற்று

வந்துவிட்டது! இன்ஸ்டாகிராமில் பழைய மெசேஜிலிருந்து திறந்ததும் எல்லா ஹார்ட்டும் அப்படியே இருந்திருக்கிறது. அனுப்பச் சொன்னேன், லேப்டாப்பில் போட்ட 37-ஐயும் சேர்த்து, ரெண்டிலும் இருந்ததைக் கழித்தால் மொத்தம் 162. பெரிய நன்றி அண்ணா.

ஆனால் அடுத்த தலைவலி. அந்த 162 பெயரையும் லைட்ரூமில் (படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருள்) தேடினால் 168 ரா ஃபைல் (கேமராவின் மூலக் கோப்பு) காட்டுகிறது. அதே சமயம் பட்டியலில் உள்ள 5 படம் வரவே இல்லை. கூடவும் செய்கிறது, குறையவும் செய்கிறது, எப்படி?

இருட்டறை

பட்டியலிலிருந்த .ஜேபிஜி-யை நீக்கிவிட்டுத்தானே தேடினீர்கள்? அதோடு தேடினால் ரா ஒன்றுகூட வராது, அதனால் நீக்கியிருப்பீர்கள். வராத அந்த 5 படத்தின் பெயரைப் போடுங்கள்.

ஒளிக்கீற்று

ஆமாம், நீக்கிவிட்டேன். லைப்ரரி ஃபில்டரில் டெக்ஸ்ட், ஃபைல் நேம், கன்டெய்ன்ஸ் வைத்து, பெயர்களைக் கமா போட்டு ஒட்டினேன். வராதவை: ஐஎம்ஜி_2214-2, ஐஎம்ஜி_2251-2, ஐஎம்ஜி_2307-2... ஐந்துமே இப்படித்தான்.

இருட்டறை

ரெண்டு கேமரா. சரியா?

ஒளிக்கீற்று

ஆமாம்! நானும் உதவியாளரும். ரெண்டும் ஒரே மாடல்.

இருட்டறை

ரெண்டு கேமராவிலும் 2214 என்று ஒரு படம் இருக்கிறது. லைட்ரூமின் கேட்டலாகில் (அதன் படப் பட்டியலில்) தனித்தனி ஃபோல்டர் என்பதால் பிரச்சினை இல்லை. கேலரிக்காக ஒரே ஃபோல்டரில் எக்ஸ்போர்ட் செய்தபோது பெயர் மோதியது, லைட்ரூம் ரெண்டாவதுக்கு -2 ஒட்டிவிட்டது. ரா ஃபைலில் அந்த -2 கிடையாது, அதனால் தேடினால் வராது. வெறும் 2214 என்று தேடினால் ரெண்டு கேமராவின் படமும் வரும், கூடுதல் அப்படி வந்தது.

162-ஐயும் சரிபார்க்க வேண்டாம், மோதிய எண்களை மட்டும் பாருங்கள். எக்ஸ்போர்ட்டின்போது வரிசை எடுத்த நேரப்படி இருந்திருந்தால், முதலில் எடுத்தது வெறும் பெயரோடும் பிறகு எடுத்தது -2 உடனும் இருக்கும். ஆனாலும் கேலரியின் சிறு படத்தைப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தாத்தா கண் மூடிய படம் முழுப் பக்கத்தில் வந்தால் யாரும் மெட்டாடேட்டாவைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்த ஷூட்டிலிருந்து இம்போர்ட் செய்யும்போதே ஏ, பி என்று கேமரா எழுத்தையும் எடுத்த தேதி நேரத்தையும் பெயரில் சேர்த்துவிடுங்கள். ஒரே கேமரா என்றாலும் 9999-க்குப் பிறகு எண்ணிக்கை மறுபடி 0001-லிருந்து தொடங்கும்.

மேகமூட்டம்

நடுவில் ஒரு கேள்வி. என் க்ளையன்ட் வீட்டில் அம்மா, அக்கா, மாப்பிள்ளை என்று எல்லாரும் ஒரே லாகினில் ஹார்ட் போடுகிறார்கள். ஒருவர் போட்டதை இன்னொருவர் எடுத்துவிடுகிறார். என்ன செய்வது?

பழைய_லென்ஸ்

ஆளுக்கொரு இமெயில், ஆளுக்கொரு பட்டியல். கேலரியில் எண்ணிக்கை வரம்பு வைக்கும் வசதி இருந்தால் வையுங்கள், இல்லையென்றால் அம்மா 700 போடுவார். இறுதிப் பட்டியலை யார் அனுப்புவது என்பதை மட்டும் முன்பே ஒருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் அனுப்பியதும் தேர்வைப் பூட்டிவிடுங்கள். டிசைன் பாதியில் இருக்கும்போது ஹார்ட் மாறினால் பிறகு நீங்கள்தான் உட்கார்ந்து தேட வேண்டும்.

ஒளிக்கீற்று

மோதிய எண்களைப் பார்த்தாயிற்று, இருட்டறை சொன்ன வரிசைதான், ஒன்றுகூட மாறவில்லை. இமெயிலை முதலிலேயே கேட்கும்படி மாற்றிவிட்டேன். இழையை மூடிவிடலாம்.