வியன்னாவில் ஒரு சனிக்கிழமை: உணவு, ஒயின், இசை குறித்து வழிகாட்டுங்கள்

தண்டையார்பேட்டை மாணவன்:

அனைவருக்கும் வணக்கம். நான் தண்டையார்பேட்டையைச் சேர்ந்தவன். இப்போது ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் முதுகலைப் பொறியியல் படிக்கிறேன். செப்டம்பர் இறுதியில் ஒரு சனிக்கிழமையை வியன்னாவில் கழிக்கலாம் என்று வகுப்புத் தோழர்கள் அழைக்கிறார்கள். நகர விளிம்பில் உள்ள ஒயின் விடுதி ஒன்றில் மதிய உணவு, மாலையில் அரசு ஓபரா அரங்கில் நின்றபடியே கேட்கும் மலிவு டிக்கெட் என்பது அவர்களின் திட்டம். இசை என்றால் எனக்கு உயிர். ஆனால் குடியால் நொடிந்துபோன வீடுகளை எங்கள் தெருவிலேயே பார்த்து வளர்ந்தவன் என்பதால், ஒயின் விடுதி என்றதும் மனம் பின்வாங்குகிறது. அங்கே குடிக்காமல் உட்கார முடியுமா? குடித்துப் பார்ப்பதென்றால் எங்கே நிறுத்த வேண்டும்? எங்களுடன் வரும் தோழி சைவம். அவருக்கு என்ன கிடைக்கும்?

ராயபுரம் அக்கா, இப்போது வியன்னா:

தம்பி, உங்கள் தயக்கம் எனக்கு நன்றாகவே புரிகிறது. நானும் அதே பக்கத்தில் வளர்ந்தவள்தான். ஆனால் நீங்கள் போகப்போவது நம் ஊர் மதுக்கடை போன்ற இடமன்று. ஹொய்ரிகர் எனப்படும் இந்த விடுதிகள் திராட்சை பயிரிடும் குடும்பங்கள் நடத்துபவை. தங்கள் தோட்டத்து ஒயினைத் தாங்களே விற்றுக்கொள்ளலாம் என்று பேரரசர் இரண்டாம் யோசப் 1784இல் பிறப்பித்த ஆணையிலிருந்து வந்த வழக்கம் இது. வாசலில் ஊசியிலை மரக்கிளைக் கொத்து தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று பொருள். உள்ளே மரத்தடியில் நீண்ட பெஞ்சுகளில் பாட்டிமார்களும் குழந்தைகளும்கூட உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். திராட்சைச் சாறு கேட்டால் கொடுப்பார்கள்; ஏன் குடிக்கவில்லை என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

குடித்துப் பார்க்க விரும்பினால், முதலில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பிறகு அரைக்கால் லிட்டர் கிண்ணம் ஒன்று, பக்கத்தில் தண்ணீர், அத்துடன் போதும். ஒரே தோட்டத்தில் கலந்து பயிரிட்ட பலவகைத் திராட்சைகளைச் சேர்த்துப் பறித்துப் பிழியும் கெமிஷ்டர் சாட்ஸ்தான் வியன்னாவின் சொந்த ஒயின், அதையே கேளுங்கள். அந்தப் பருவத்தில் ஸ்டுர்ம் என்ற கலங்கலான பானமும் வரும். இன்னும் நொதித்து முடியாத நிலையிலேயே அதை விற்பார்கள். இனிப்பு மிகுதியாக இருப்பதால் பழச்சாறு என்று நினைத்துக் குடித்துவிடுவோம். அதில் ஆல்கஹால் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

உணவைக் கண்ணாடி மேடையில் சுட்டிக்காட்டி வாங்க வேண்டும். பன்றி இறைச்சி வறுவலே பிரதானம். உங்கள் தோழிக்கு லிப்டாவர் என்ற பாலாடைக்கட்டிப் பூச்சைக் கருப்பு ரொட்டியில் தடவித் தருவார்கள். மிளகாய்த்தூள் நிறத்தில் இருந்தாலும் காரம் இருக்காது. உருளைக்கிழங்கு சாலட்டில் சில இடங்களில் இறைச்சிச் சாறு சேர்ப்பதுண்டு என்பதால் கேட்டுவிட்டு வாங்கட்டும். ஒயின் விடுதிகள் நிறைந்த கிரின்சிங் பகுதிக்குச் சுற்றுலாப் பேருந்துகள் மிகுதியாக வருகின்றன. அதனால் நகர மையத்தில் உள்ள ஷொட்டன்ரிங்கில் 31ஆம் எண் டிராம் ஏறி, இதே போன்ற விடுதிகள் உள்ள ஸ்டாமர்ஸ்டோர்ஃப் போவதையே நான் பரிந்துரைப்பேன்.

பெரம்பூர் ரசிகன்:

ஒயினைப் பற்றி அக்கா சொன்னதே போதும். நான் இசையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். ஓபராவும் ஹொய்ரிகரும் ஒரே நாளில் வேண்டாம் என்பதே என் கருத்து. மதியம் ஒயின் குடித்துவிட்டு மாலையில் மூன்று மணி நேரம் நின்றால் கால்தான் நினைவில் நிற்கும், பாட்டு நிற்காது. ஓபரா அரங்கின் முன் மொட்சார்ட் வேடத்தில் நின்று கச்சேரி டிக்கெட் விற்பவர்களிடமும் வாங்காதீர்கள். அதே பணத்துக்குப் பலமுறை அரங்கினுள்ளேயே நின்று கேட்கலாம்.

உங்களைப் போன்ற வடசென்னைக்காரர் முதலில் கேட்க வேண்டியது ஒயின் விடுதிப் பாட்டைத்தான். ஜொஹான், ஜோசப் ஷ்ராமெல் என்ற சகோதரர்கள் 1878இல் தொடங்கிய குழுவின் பெயரிலேயே இந்த இசை இன்றும் வழங்குகிறது. இரண்டு வயலின், இரட்டைக் கழுத்துக் கிட்டார், கீச்சென்று ஒலிக்கும் சிறிய கிளாரினெட் ஆகியவை சேர்ந்தது அவர்களின் நால்வர் குழு. வியன்னாப் பாடல்களில் ஒயினும் சாவும் அருகருகே வரும்: நாம் போனபின்னும் ஒயின் இருக்கும், அழகிய பெண்கள் இருப்பார்கள், நாம் மட்டும் இருக்க மாட்டோம் என்ற ஏக்கத்தைச் சிரித்த முகத்தோடு பாடுவார்கள். சாவு வீட்டில் விடிய விடிய கானா கேட்டு வளர்ந்த காதுக்கு இது அந்நியமாகவே தோன்றாது. சாவை இத்தனை நெருக்கமாகவும் அச்சமின்றியும் பாடுகிற நகரங்கள் அதிகம் இல்லை. அவற்றில் இரண்டைக் கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது.

தண்டையார்பேட்டை மாணவன்:

அக்காவுக்கும் அண்ணனுக்கும் மிக்க நன்றி. ஓபராவைக் குளிர்காலத்துக்குத் தள்ளிவைக்கத் தோழர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால், எல்லா விடுதியிலும் பாட்டு இருக்குமா?

ராயபுரம் அக்கா, இப்போது வியன்னா:

இருக்காது தம்பி. பல குடும்ப விடுதிகளில் இசையே கிடையாது. ஆண்டு முழுவதும் திறந்திருப்பதும் இல்லை. அன்று திறந்திருக்கிறதா, வாசிப்பவர்கள் வருகிறார்களா என்று முன்னதாகவே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வரும்போது பகல் ரயிலில் வாருங்கள்: வழியில் செம்மரிங் மலை ரயில்பாதை இருக்கிறது, 1854இல் திறந்தது, நம் ராயபுரம் நிலையத்துக்கு இரண்டு ஆண்டு மூத்தது. கிராஸுக்குத் திரும்பும் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்பதையும் புறப்படும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள்.