வெள்ளி மூடி போட்ட சென்ட் குப்பிகள்: காரைக்குடியில் கண்டவை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்கு வருபவர்கள் பெரும்பாலும் தேக்குத் தூண்களையும் பீங்கான் ஜாடிகளையும் எனாமல் தூக்குகளையும்தான் கேட்பார்கள். அவற்றுக்குப் பின்னால், உடைந்த லாந்தர் விளக்குகளோடு சேர்த்துப் போட்டு வைத்திருக்கும் சிறு கண்ணாடிச் சாமான்களில்தான் என் கண் போகும். பட்டை தீட்டிய கண்ணாடி உடலும் வெள்ளிக் கழுத்தும் கீல் வைத்த வெள்ளி மூடியும் கொண்ட பழைய சென்ட் குப்பிகள் அங்கே எப்போதாவது அகப்படும்.

அப்படி அகப்பட்ட ஒன்றைக் காட்டி, "நங்கூரம் போட்டிருக்கு பாருங்க சார், பர்மாவுக்குப் போன கப்பல் கம்பெனி சாமான்" என்றார் கடைக்காரர். மூடியின் விளிம்பில் நங்கூரம் இருந்தது உண்மைதான். ஆனால் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துப் பார்த்தபோது, அதன் பக்கத்திலேயே நடந்து செல்லும் சிங்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், மிளகில் பாதிகூட இல்லாத கட்டங்களுக்குள் தெரிந்தன. நங்கூரம் என்பது 1773-இல் தொடங்கப்பட்ட பர்மிங்காம் வெள்ளிச் சோதனைச் சாலையின் முத்திரை. சிங்கம், வெள்ளியின் தரம் ஆயிரத்துக்கு 925 பங்கு என்பதற்கான உறுதி. எழுத்து, சோதிக்கப்பட்ட ஆண்டைக் குறிப்பது. வரி செலுத்தியதற்கு அடையாளமாக அரசரின் அல்லது அரசியின் தலையையும் முன்பு பொறித்து வந்தார்கள். அந்த வரி 1890-இல் நீக்கப்பட்டது. இந்தக் குப்பியில் தலை முத்திரை இல்லை, தேய்ந்து போனதற்கான தடமும் இல்லை என்பதால், அது அதற்குப் பிற்பட்டது என்று கொண்டேன். கப்பல் கதையைக் கடைக்காரர் விடுவதாக இல்லை. விலையும் அந்தக் கதைக்கு ஏற்றபடியே இருந்தது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பார்த்த குப்பிதான் இன்றும் மனத்தில் நிற்கிறது. வீட்டு ஆச்சி அதைப் பட்டுத் துணியில் சுற்றி, பன்னீர்ச் செம்போடும் சந்தனக் கிண்ணத்தோடும் பெட்டகத்தில் வைத்திருந்தார். "எங்க அப்பச்சி ரங்கூன்லேர்ந்து கொண்டாந்தது தம்பி, உள்ளே தங்கம்" என்று மூடியைத் திறந்து காட்டினார். உட்புறம் மஞ்சளாக மின்னியது பொன்முலாம். வாசனைப் பொருள் பட்டால் வெள்ளி கறுத்துவிடும் என்பதால் உட்பக்கத்துக்கு மட்டும் முலாம் பூசுவது அக்கால வழக்கம். ஆச்சி தங்கம் என்று சொன்னதில் தவறொன்றும் இல்லை. பூச்சாக இருந்தாலும் அது தங்கம்தானே! மூடிக்கு அடியில் கண்ணாடியாலான தனி அடைப்பான் ஒன்றும் இருந்தது. அதன் தண்டிலும் குப்பியின் வாய்ப்பகுதியிலும் ஊசியால் கீறியதுபோல ஒரே எண் காணப்பட்டது. ஒவ்வோர் அடைப்பானையும் அதற்குரிய வாயிலேயே வைத்துத் தேய்த்துப் பொருத்துவார்கள். ஒன்றின் அடைப்பான் மற்றொன்றுக்குச் சேராது. எனவே கலந்துவிடாமலிருக்க எண் இடுவார்கள். கடைகளில் எண் மாறிய குப்பிகள் கிடைப்பதற்குக் காரணம், எங்கோ உடைந்துபோன அடைப்பானுக்குப் பதிலாக வேறொன்றைச் செருகிவிடுவதுதான்.

நம் வீடுகளில் வெள்ளியைத் திருநீறு போட்டுத் துலக்குவது நெடுநாள் பழக்கம். குத்துவிளக்குக்கும் செம்புக்கும் அதனால் பெரிய கேடில்லை. தகடாக இழைத்த இந்த மூடிகளிலோ, நாலைந்து தலைமுறை பளபளப்பாக்கிய பின் சிங்கம் வெறும் மேடாகத்தான் மிஞ்சுகிறது. அதற்குமேல் வயதைச் சொல்ல ஆளில்லை. முலாம் பூசிய சாமானில் இன்னும் மோசம், அடியிலிருக்கும் உலோகமே வெளியே வந்துவிடும். மூடியில் சிங்கத்துக்குப் பதிலாக இ.பி.என்.எஸ். என்னும் ஆங்கில எழுத்துகள் இருந்தால், அது நிக்கல் கலவையின்மேல் மின்முலாமாக ஏற்றிய வெள்ளி என்று அறிக. எடை போட்டு விற்க நினைப்பவர்களுக்கு அதில் ஒன்றும் தேறாது.

வெந்நீரில் ஊறப்போடுவதும் ஆகாது. வெள்ளிக் கழுத்தைப் பல குப்பிகளில் சுண்ணச்சாந்து போன்ற ஒரு பொருளை வைத்துத்தான் கண்ணாடியோடு ஒட்டியிருப்பார்கள். நீர் புகுந்தால் அது இளகிக் கழுத்து ஆடத் தொடங்கும். உள்ளே உலர்ந்து பிசினாகிவிட்ட பழைய வாசனைத் தைலத்தால் அடைப்பான் இறுகிக்கிடந்தால், திருகுவதற்கு முன் விளிம்பைச் சுற்றி ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அது இறங்கும்வரை பொறுத்திருப்பதே நல்லது. அந்த ஆச்சி தம் குப்பியின் அடைப்பானுக்குத் தேங்காய் எண்ணெய்தான் விட்டாராம்.