மதிப்பெண் பட்டியலில் சிக்காத பிள்ளைகள்: அரசு நடுநிலைப் பள்ளி அனுபவங்களைப் பகிருங்கள்

கணக்கு வாத்தியார்

திருப்பூர் பக்கம் எங்கள் பள்ளி. லைன் வீடுகளிலிருந்து வரும் பனியன் கம்பெனித் தொழிலாளர் பிள்ளைகள்தான் பாதிக்கு மேல். வீட்டில் ஒடியா, இந்தி, போஜ்புரி. பிள்ளைகளின் விவரங்களைப் பதியும் அரசு இணையதளமான எமிஸில் தாய்மொழிக்கு ஒரு கட்டம் இருக்கிறது. நிரப்புவதோடு சரி, அப்புறம் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

கல்வித் துறையிலிருந்து ஆய்வுக்கு டீம் விசிட் வந்தார்கள். எட்டாம் வகுப்பு மதிப்பெண் பதிவேட்டில் ஒரு பெயரைச் சுட்டி, "இந்தப் பொண்ணு ஏன் இவ்வளவு கீழே?" என்றார் வந்தவர். ஒடிசாப் பிள்ளை, எங்களிடம் வந்ததே ஏழாம் வகுப்பு பாதியில்தான். புத்தகத்தை நீட்டி, லாப நட்டக் கணக்கு ஒன்றை வாசிக்கச் சொன்னார். "ஒரு வியாபாரி" வரைக்கும் எழுத்துக் கூட்டினாள், அதற்கு மேல் வரவில்லை. அவர் பதிவேட்டில் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

அதே கணக்கை நான் வாயால் சொன்னேன். 1,200 ரூபாய்க்கு வாங்கினான், 10 விழுக்காடு லாபம், எவ்வளவுக்கு விற்றான்? சாக்பீஸை வாங்கிப் பலகையில் 1,320 என்று எழுதிவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வேறொரு பையனிடம் நோட்டுக்கு ஏன் அட்டை போடவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

தமிழ் வாசிக்க வராததற்கும் கணக்கு வராததற்கும் ஒரே மதிப்பெண்தானா? யாரிடம் கேட்பது என்றுகூடத் தெரியவில்லை.

நேர்பட

வாத்தியார் சொல்வதை முழுசாக ஏற்க முடியவில்லை. எங்கள் பக்கம் வெளிமாநிலப் பிள்ளை ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் உள்ளூர்தான். என் அக்கா மகன் எட்டாம் வகுப்பு. மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கச் சொன்னேன், பேனாவை மூடி வைத்துவிட்டு, "மாமா, எப்படியும் பாஸ்தான்" என்றான். இதற்கும் மொழிதான் காரணமா? ஆல் பாஸ் இருக்கிற வரைக்கும் இப்படித்தான். 2019இலேயே கல்வி உரிமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள். 5, 8ஆம் வகுப்புகளில் நிறுத்தி வைப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களே முடிவு செய்யலாம். தமிழ்நாடு வேண்டாம் என்று நிற்கிறது.

பின்பெஞ்ச்

நேர்பட, ஃபெயில் போட்டால் அந்தப் பையன் வகுத்தல் கற்றுக்கொள்வான் என்று யார் சொன்னது? எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் ஃபெயில் ஆனவர்கள் யாரும் மறுவருஷம் அதே வகுப்பில் உட்காரவில்லை. நேராக வேலைக்குப் போனார்கள், பெண்ணாக இருந்தால் கல்யாணம்.

சரி, என் கதை. ஆறாம் வகுப்பு. உதவித்தொகை பாரம் வந்திருந்தது. டீச்சர் வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "எஸ்சி பிள்ளைகள் எல்லாம் எழுந்து நில்லுங்க" என்றார். பக்கத்தில் இருந்த சிநேகிதன் எழுந்தான். எங்கே போனாலும் சேர்ந்தே போகிற ஜோடி நாங்கள், நானும் எழுந்துவிட்டேன். "நீ இல்லடா, உட்காரு" என்றார். வகுப்பே சிரித்தது. அவன் நின்றான், நான் உட்கார்ந்தேன். அதுவரை அவன் வேறு, நான் வேறு என்று எனக்குத் தெரியாது. அவனுக்கு முன்பே தெரிந்திருந்தது, அது முகத்திலேயே இருந்தது. அடுத்த வாரம் அவனாகவே இடம் மாறி உட்கார்ந்தான்.

நாங்குநேரியில் பட்டியலின மாணவனைச் சக மாணவர்கள் வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கையில், வருகைப் பதிவேட்டில் சாதி தெரியும்படி எதுவும் இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்திருக்கிறார்கள். புள்ளிவிவரம் வேண்டும், ஒதுக்கீட்டுக்கும் உதவித்தொகைக்கும் அது இல்லாமல் முடியாது, அதில் எனக்கு மறுப்பே இல்லை. அதற்காக அதை வகுப்பறையில் உரக்க வாசிக்க வேண்டுமா?

ஓய்வு எச்எம்

எல்லாருக்கும் வணக்கம். என் அனுபவம் சின்னது. எட்டாம் வகுப்பில் ஒரு பையன் மத்திய அரசின் உதவித்தொகைத் தேர்வான என்எம்எம்எஸ்ஸில் தேறினான். அவன் அப்பாவுக்கு ஒரே பெருமை, ஒன்பதாம் வகுப்புக்குத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டார். பணம் வரவில்லை. பாஸ்புக்கைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, "எங்கே சார் வந்திருக்கு?" என்றார். அரசுப் பள்ளியிலோ உதவி பெறும் பள்ளியிலோ தொடர்ந்தால்தான் தொகை வரும் என்று சொன்னபோது அவர் என்னை நம்பவில்லை.

ஆகையால் எட்டாம் வகுப்புப் பிள்ளை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது. மாதம் 1,000 ரூபாய், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, மொத்தம் 48,000. பெற்றோர் ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு, எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 5 விழுக்காடு தளர்வு. தேர்வு இரண்டு தாள், ஒவ்வொன்றிலும் 90 கேள்வி. மனத்திறன் தாளுக்குப் பயந்து பிள்ளைகள் அதையே போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். உண்மையில் கோட்டை விடுவது பாடத்தாளில். அதில் அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. சமூக அறிவியலை யாரும் தொடுவதே கிடையாது! இரண்டு தாளும் சேர்த்து 40 விழுக்காடு எடுத்தால்தான் பட்டியலிலேயே வர முடியும், எஸ்சி, எஸ்டிக்கு 32. வங்கிக் கணக்கு பிள்ளை பெயரில், ஆதார் இணைத்து, இப்போதே திறந்து வையுங்கள். வருமானச் சான்றிதழைக் கடைசி வாரத்தில் போய்க் கேட்டால் கிடைக்காது.

பின்பெஞ்ச் தம்பி சொன்னதும் சரிதான். நான் இருந்தவரை அந்த மாதிரிப் பாரங்களை என் அறைக்கு அழைத்துத்தான் கொடுத்தேன்.

நேர்பட

ஐயா, நான் பேசியது வகுத்தலைப் பற்றி. உதவித்தொகையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லையே.

கணக்கு வாத்தியார்

நேர்பட, உங்கள் அக்கா மகனுக்குப் பேனாவை மூடத் தெரிகிறது, அது வேறு நோய். நான் சொன்ன பிள்ளை கேட்ட கேள்விக்குச் சரியான விடை எழுதினாள். இரண்டையும் ஒரே கட்டத்தில் அடைக்கிறார்கள் என்பதுதான் என் புகார். நடுநிலை வகுப்புகளுக்கு 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது, எண்ணிக்கைப்படி எங்களிடம் ஆள் சரியாகத்தான் இருக்கிறது. ஒடியா தெரிந்தவர்தான் ஒருவரும் இல்லை.

ஆறாம் வகுப்பு அம்மா

இடையில் புகுந்து கேட்கிறேன், கோபப்படாதீர்கள். என் மகள் அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. டாக்டர் ஆக வேண்டும் என்கிறாள். மருத்துவத்தில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இவளுக்கும் உண்டா?

ஓய்வு எச்எம்

இல்லை அம்மா. 2020இல் வந்த அந்தச் சட்டப்படி ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவி பெறும் பள்ளி அதில் சேராது. கல்வி உரிமைச் சட்டப்படி (ஆர்டிஇ) ஒதுக்கும் 25 விழுக்காடு இடத்தில் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு உண்டு. இப்போதுதானே ஆறாம் வகுப்பு, பள்ளி மாற்றுவதாக இருந்தால் இந்த வருஷமே மாற்றுங்கள். டிசி தாமதமானாலும் சேர்க்க மறுக்கக் கூடாது, கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.