ரிக்வயர்ஸ்நியூ போட்டும் ஆடிட் வரி நிற்கவில்லை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். எஸ்டேட் சம்பளக் கணக்குக்கான ஈஜேபி 3 (ஜாவாவில் சர்வர் நிரல் எழுதும் முறை) மென்பொருள். செம்பனைக் குலை எடைப் பதிவு தோற்றாலும், யார் பதிந்தார் என்ற ஆடிட் வரி நிற்க வேண்டும். எடையைப் பதியும் அதே பீனில் (ஈஜேபி கிளாஸில்) ஆடிட் மெத்தடுக்கு, தனி டிரான்சாக்‌ஷனில் (சேர்ந்தே நிற்கும், சேர்ந்தே ரத்தாகும் வேலைத் தொகுதி) ஓடட்டும் என்று ரிக்வயர்ஸ்நியூ குறிப்பைப் போட்டேன். நேற்று கிராணி (எஸ்டேட் குமாஸ்தா) 840 கிலோவை 8400 என்று தட்டிவிட்டார். எடை ரோல்பேக் (ரத்து) ஆனது, சரி; ஆடிட் வரியையும் காணோம்!

பதில் 1:
தம்பி, அதை அதே பீனுக்குள்ளிருந்தே நேராகக் கூப்பிடுகிறீர்களா? அப்படியென்றால் கன்டெய்னருக்கு (பீன்களை ஓட்டும் சர்வருக்கு) அது தெரியவே தெரியாது. குறிப்பைப் படிப்பது வெளியிலிருந்து வரும் அழைப்புக்கு மட்டும்தான். நானும் இதில் ஒரு வாரம் தொலைத்தவன். ஆடிட்டைத் தனி பீனாக்கி இன்ஜெக்ட் செய்யுங்கள், அதாவது கன்டெய்னரே அதைக் கொண்டுவந்து தரட்டும். பீன் தன்னையே கன்டெய்னர் வழியாகக் கூப்பிடும் கெட்பிசினஸ்ஆப்ஜெக்ட் வழியும் உண்டு, எனக்குப் பிடிக்காது.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. அப்புறம், ஆடிட் வரியில் எடை வரிக்கு ஃபாரின் கீ (அந்த வரி இருந்தே ஆக வேண்டும் என்ற இணைப்பு) வைக்காதீர்கள். எடை இன்னும் கமிட் ஆகவில்லை (உறுதியாகவில்லை). புது டிரான்சாக்‌ஷன் அதற்காகக் காத்தே கிடக்கும்; சில டேட்டாபேஸில் உடனே பிழை வரும். செக்ட் எக்செப்ஷன் (ஜாவாவில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டிய பிழை) எறிந்தால் தானாக ரோல்பேக் ஆகாது என்பதையும் பாருங்கள்.

கேட்டவர்:
தனி பீனாக்கினேன் அண்ணே. இப்போது 8400 ஆடிட்டில் மட்டும் இருக்கிறது. கிராணிக்குத்தான் முகம் வாடிவிட்டது.