மறு: சைட்டேஷன், ரெஃபரன்ஸ் இரண்டுக்கும் ‘மேற்கோள்’ ஒன்றே போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ஆய்வுக் கட்டுரையில் ‘மேற்கோள்’ என்ற ஒரே சொல்லால் நாம் குறிக்கும் வெவ்வேறு பொருள்களுக்குத் தனித்தனிச் சொல் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு மூன்று நாளாக வந்த மடல்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். “பழகிப்போன ‘மேற்கோள்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?” என்று திண்டுக்கல் ஐயா கேட்டிருந்தார். நான் இந்தப் பேச்சைத் தொடங்கிய காரணத்தைச் சொன்னால் அதுவே அவருக்குப் பதிலாகும் என்று நினைக்கிறேன்.

நாகமலைப் புதுக்கோட்டையில் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் தட்டச்சு செய்து வடிவமைத்துக் கொடுப்பது என் வேலை. சென்ற ஆண்டு உசிலம்பட்டியிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தார். முற்காலப் பாண்டியர் கல்வெட்டுகள் பற்றிய அவருடைய கட்டுரை, “மேற்கோள்களைச் சீர்செய்து அனுப்பவும்” என்ற ஒற்றை வரியோடு ஓர் ஆய்விதழிலிருந்து திரும்பியிருந்தது. இருவரும் உட்கார்ந்து, கட்டுரையில் எடுத்தாண்ட கல்வெட்டு வரிகள் அத்தனையையும் மூலத்தோடு ஒப்பிட்டோம். விடுபட்ட இடங்களில் மேற்கோள்குறி போட்டோம். அனுப்பினோம். அதே வரியோடு மறுபடியும் வந்தது. தொலைபேசியில் கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. அவர்கள் சொன்னது கடைசிப் பக்கத்துப் பட்டியலை. உரையில் பெயரும் ஆண்டும் குறித்திருந்த ஆறு கட்டுரைகள் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருந்த நான்கு நூல்கள் உரையில் எங்குமே வரவில்லை. அரை நாள் வேலை அது. அதற்கு இரண்டு மாதம் போனது, அந்த இதழில் வர வேண்டிய இடமும் போனது.

ஆக, ஒரு சொல் நான்கு பொருளைச் சுமக்கிறது. பிறர் எழுதியதை அப்படியே எடுத்துத் தருவது ஒன்று. “இதை இன்னாரிடமிருந்து பெற்றேன்” என்று உரைக்குள் இடும் சிறு குறி, அதாவது சைட்டேஷன், இன்னொன்று. அந்தக் குறி காட்டும் முழு விவரம், அதாவது ரெஃபரன்ஸ், மூன்றாவது. எழுதுவதற்காகப் படித்த எல்லாவற்றின் தொகுப்பு நான்காவது. எந்த முறையை எடுத்தாலும் நடுவில் உள்ள அந்த இரண்டும் இணைபிரியாதவை. அமெரிக்க உளவியல் சங்கத்தின் ஏபிஏ முறையில் உரைக்குள் பெயரும் ஆண்டும் வரும், நவீன மொழிச் சங்கத்தின் எம்எல்ஏ முறையில் பெயரும் பக்கமும். மருத்துவ இதழாசிரியர்கள் 1978இல் வான்கூவரில் கூடி வகுத்ததிலிருந்து வளர்ந்த முறையில் வெறும் எண்தான். உள்ளே ஒரு குறி, கடைசியில் அதன் முழு விவரம் என்ற அமைப்பு மட்டும் இந்த மூன்றிலும் மாறுவதில்லை.

நமக்கும் இது புதிதல்ல. ‘புறம். 192’, ‘குறுந். 40’ என்று அடைப்புக்குள் போடுவதை எத்தனை காலமாகச் செய்துவருகிறோம்! வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அதற்கென்று தனிப் பெயர்தான் இல்லை.

அந்தச் சிறு குறிக்கு ‘சுட்டு’ என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அ, இ, உ மூன்றையும் சுட்டெழுத்து என்று பள்ளியிலேயே படிக்கிறோம். ‘அவன்’ என்றால் ஆள் இங்கே இல்லை, தள்ளி இருக்கிறான். சொல் அவனைக் காட்டுகிறது. உரைக்குள் இருக்கும் குறி செய்வதும் இதைத்தான், கடைசிப் பக்கத்தில் இருப்பதை இங்கிருந்தே காட்டுகிறது. ஒரு கலைச்சொல் தேறுமா என்பதைக் கிளைவிட வைத்துப் பார்த்தால்தான் தெரியும். சுட்டுமுறை, தற்சுட்டு (தன் கட்டுரையைத் தானே சுட்டுவது), சுட்டெண்ணிக்கை (ஒரு கட்டுரையைப் பிறர் எத்தனை முறை சுட்டினார்கள் என்பது), சுட்டப்பட்ட கட்டுரை, சுட்டப்படாத கட்டுரை. எதிலும் தடை இல்லை. மேற்கோளை வைத்து இதே ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். ‘மேற்கோள் எண்ணிக்கை’ என்றால் கட்டுரையில் எத்தனை வரியை எடுத்துப் போட்டிருக்கிறார் என்றுதான் முதலில் தோன்றும்.

மேலூர் அம்மா எழுப்பிய தடை கனமானது. பேச்சில் ‘சுட்டுட்டான்’ என்றால் திருடிவிட்டான் என்று பொருள். களவு இல்லை என்று காட்டுவதற்காக இடும் குறிக்கு அந்தச் சொல்லா என்று கேட்டார். இதை நான் யோசிக்கவே இல்லை. ‘சுட்டு எழுதிய கட்டுரை’ என்று ஒரு தலைப்பில் வந்தால் மாணவர்கள் வேறு மாதிரிதான் படிப்பார்கள். அதனால் தலைப்பிலும் விதிமுறையில் முதலில் வரும் இடத்திலும் ‘சான்றுச்சுட்டு’ என்று முழுதாக எழுதுவோம், அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். வினையாக வரும்போது சிக்கலே இல்லை. ‘சுட்டவும்’, ‘சுட்டப்படவில்லை’ என்பவற்றை யாரும் தவறாகப் படிக்கப் போவதில்லை.

முழு விவரத்துக்கு ‘துணைநூல்’ போதும் என்று பலர் எழுதியிருந்தீர்கள். அந்த மாணவியின் கட்டுரைக்கு அடிப்படையே மதுரை ஆனைமலை நரசிங்கப் பெருமாள் குடைவரையில் உள்ள கி.பி. 770ஆம் ஆண்டுக் கல்வெட்டு. அதை எந்த மனத்தோடு துணைநூல் என்று எழுதுவது? நேர்காணல், ஓலைச்சுவடி, இணையப் பக்கம் எதுவும் நூல் இல்லை. ‘சான்று’ என்றால் எல்லாம் அடங்கும். “மறுப்பதற்காக நான் காட்டும் கட்டுரை எனக்கு எப்படிச் சான்றாகும்?” என்ற கேள்விக்கு, அதே ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்காடும் நம் அன்பர் சொன்ன விளக்கம் எனக்கு நிறைவாக இருக்கிறது. 1872ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சான்றுச் சட்டம் என்றுதான் தமிழில் சொல்லிவந்தோம். அங்கே எதிர்த்தரப்பு தாக்கல் செய்யும் ஆவணமும் சான்றுதான். ஒருவர் சொன்னது சரி என்பதற்குச் சான்று இல்லை, அவர் அதைச் சொன்னார் என்பதற்குச் சான்று.

படித்த எல்லாவற்றின் தொகுப்புக்கு ஈழத்தவர் வழக்கில் உள்ள ‘உசாத்துணை’யை அப்படியே எடுத்துக்கொள்வோம். உசாவுதல் என்றால் கேட்டறிதல். கேட்டறியத் துணையானவை, உரையில் சுட்டினாலும் சுட்டாவிட்டாலும். இதைவிடப் பொருத்தமாக நாம் ஒன்றைப் புதிதாகச் செய்துவிட முடியாது.

ஒரு கட்டுரைக்கு ஆசிரியர்கள் பலர் இருந்தால் உரைக்குள் எப்படிக் குறிப்பது என்ற கேள்விக்கு வருகிறேன். ஏபிஏ ஏழாம் பதிப்பின்படி மூவர் என்றாலே உரைக்குள் முதல் பெயர் மட்டும்தான் வரும், மற்றவர்களுக்கு ஆங்கிலத்தில் ‘et al.’ என்று போடுவார்கள். மீதி இரண்டே பேரை ‘மற்றும் பலர்’ என்பது பொருந்தாது. ‘பிறர்’ என்பது சரியாக இருக்கும். முன் குறிப்பில் சொன்ன அதே நூல் என்பதைக் காட்டும் ‘மேலது’ நம் ஆய்வேடுகளில் ஊறிய நல்ல சொல், அடிக்குறிப்பு முறையில் எழுதுகிறவர்கள் தொடரட்டும். பெயர்–ஆண்டு முறையில் அதற்கு வேலை இல்லை.

சொல் விவாதத்துக்கு வெளியே ஒன்று, ஆனால் தினமும் என் கண்ணில் படுவது. கணினி வெறும் குறியெண் வரிசையில் அடுக்கினால் ‘கனகசபை’ முன்னும் ‘கபிலன்’ பின்னும் வரும், ஏனென்றால் யூனிகோடில் ன-வை ந-வுக்கு அடுத்து வைத்திருக்கிறார்கள். நம் அகரவரிசையில் ன கடைசி எழுத்து. பட்டியலைக் கணினி அடுக்கியதும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள். பெயரிலும் இதே கவனம் வேண்டும். இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் எழுதியிருந்தால் மென்பொருள் அதையே குடும்பப்பெயராக எடுத்துக்கொண்டு முன்னால் போட்டுவிடும். சான்றுப் பட்டியல் தயாரிக்க உதவும் ஜோட்டேரோ மென்பொருளில் பெயரை ஒற்றைக் கட்டமாக மாற்றிக்கொள்ளும் வசதி இருக்கிறது, பயன்படுத்துங்கள்.

ஒரு துறை ஆய்விதழுக்கு விதிமுறை எழுதித் தரும் பொறுப்பு இப்போது என்னிடம் வந்திருக்கிறது. மேற்கோள், சான்றுச்சுட்டு, சான்று, உசாத்துணை என்று நான்கையும் அதில் பிரித்தே எழுதப் போகிறேன். திருத்தக் குறிப்புக்கு ஒரு மாதிரி வாக்கியமும் வைத்திருக்கிறேன்: “14ஆம் சான்று உரையில் எங்கும் சுட்டப்படவில்லை, உரிய இடத்தில் சுட்டவும் அல்லது பட்டியலிலிருந்து நீக்கவும்.” அந்த மாணவியிடம் இதைப் படித்துக் காட்டினேன். மறுபடி ஒருமுறை கேட்காமலேயே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

‘பிறர்’ பற்றி மட்டும் எனக்கு இன்னும் உறுதி இல்லை. ‘பிறரும்’ என்று உம்மையோடு எழுதுவதா, இல்லாமலா? ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள், திங்கள் காலை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.

அன்புடன்,
நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து