அம்மாவுக்கு முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்தும் கால் நேராக வரவில்லை, என்ன செய்யலாம்?

தண்டையார்பேட்டை மகள்:
அம்மாவுக்கு 66 வயது. வலது முட்டி மாற்றி இது மூன்றாவது வாரம். ஆஸ்பத்திரியில் மறுநாளே வாக்கர் கொடுத்து நடக்க வைத்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது. டிஸ்சார்ஜ் அன்று படம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள், அதோடு சரி.

நாங்கள் முதல் மாடியில் குடியிருக்கிறோம். படி ஒடுக்கம், கைப்பிடி ஒரு பக்கம்தான். கக்கூஸ் கீழே, மூன்று குடித்தனத்துக்கும் பொது, குந்தி உட்காரும் வகை. ஆபரேஷனுக்கு முன்னால் இதை யாரும் கேட்கவில்லை. இப்போது கமோடு நாற்காலி வாங்கி மாடியிலேயே வைத்திருக்கிறோம். முட்டியை மடக்கச் சொன்னால் அம்மா அழுகிறார். வலி தெரியாமல் இருக்க முட்டிக்கு அடியில் தலையணை வைத்தே படுக்கிறார். தினமும் பணம் கொடுத்து பிசியோவை வீட்டுக்கு வரவழைக்க எங்களுக்கு வசதி இல்லை. வழி சொல்லுங்கள்.

ராயபுரம் பிசியோ:
முதலில் அந்தத் தலையணையை எடுத்துவிடுங்கள், தங்கச்சி. சுகமாக இருக்கும், ஆனால் முட்டி மடங்கின நிலையிலேயே இறுகிப்போகும். அப்புறம் நடையில் நொண்டல் நிரந்தரமாகத் தங்கிவிடும். துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முட்டி கீழே தொங்கட்டும். பத்து நிமிஷம், ஒரு நாளில் பல தடவை. அதே நிலையில் தொடையை இறுக்கி முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி, ஐந்து எண்ணி விடச் சொல்லுங்கள்.

மடக்குவதற்கு நாற்காலி போதும். உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பின்பக்கமாக இழுக்க வேண்டும், இடது காலை வலது காலுக்கு முன்னால் வைத்து மெல்லப் பின்னுக்குத் தள்ளிக் கொடுக்கட்டும். டாக்டர் எழுதிய வலி மாத்திரையை அரை மணி நேரம் முன்னால் கொடுத்தால் அழுகை பாதி குறையும். முடிந்ததும் ஐஸைத் துணியில் சுற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில்.

முதல் மூன்று மாதம்தான் முட்டியைப் பழக்கும் காலம், அதில் அம்மா இருப்பது உங்கள் வீட்டில். எத்தனை படி, கக்கூஸ் எங்கே என்று தேதி குறிக்கும்போதே கேட்க வேண்டும். இந்தப் பயிற்சிகளையும் அப்போதே சொல்லிக்கொடுத்தால், வலிக்கு நடுவில் புதிதாகக் கற்க வேண்டியிருக்காது. எல்லா இடத்திலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பேன்.

பணத்துக்காக நிறுத்திவிடாதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து இலவசமாக பிசியோதெரபி செய்வதும் உண்டு. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் டிஸ்சார்ஜ் தாளைக் காட்டி, படி இறங்க முடியாத நிலையைச் சொல்லிக் கேளுங்கள்.

காசிமேடு மருமகள்:
என் மாமியாருக்கு இடுப்பு மாற்றினார்கள். படிக்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். முட்டியை மடக்கச் சொல்கிறார் பிசியோ அண்ணா, இடுப்புக்கோ அதிகம் குனியக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, தாழ்வாக உட்காரக் கூடாது என்றார்கள். அத்தை பலகையில் குந்தி மீன் விற்றவர். இப்போது கூடையை உயரமான மேஜையில் வைத்து, நாற்காலியில் இருந்தபடி விற்கிறார். பலகையில் உட்காரவே கூடாது என்று வீட்டில் எல்லோரும் பிடிவாதமாக இருந்தோம்.

தண்டையார்பேட்டை மகள்:
தலையணையை எடுத்துவிட்டேன் அண்ணா. இன்னொன்று, நேற்றிலிருந்து அதே காலின் கெண்டைச்சதை வீங்கி, தொட்டால் வலிக்கிறது. தைலம் போட்டு உருவிவிடச் சொல்கிறார்கள் பக்கத்து வீட்டில்.

ராயபுரம் பிசியோ:
உருவக் கூடாது! ஆபரேஷனுக்குப் பிறகு கால் வீங்குவது சகஜம்தான், ஆனால் நேற்று புதிதாக வந்த கெண்டை வலியும் வீக்கமும் ரத்தக்கட்டாக இருக்கலாம். அது நகர்ந்து நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். பயிற்சியை நிறுத்திவிட்டு இப்போதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம். மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். படியில் நடக்க வைக்காமல் நாற்காலியில் உட்காரவைத்து இரண்டு பேர் தூக்கி இறக்குங்கள்.